நாலு தடிச் சக்கரம் போட்டால் போதாதா, சார்?



போன வாரம் விருத்தாசலம் ரோட்டோரம் ஒரு பெரிய டிரெய்லர் நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒரு இரும்பு மலை. டிரான்ஸ்பார்மர் என்றார்கள். பிள்ளைகள் டயர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள், இளைஞர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இத ரயில்ல ஏத்திவுட்டா ராத்திரியோட ராத்திரியா போயிருக்குமே. எதுக்கு ரோட்ட அடைச்சிக்கிட்டு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

1986 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருச்சிக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். நம்மூரில் பாசஞ்சர் ஏறினால் அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சி. அப்போது நம் பாதை மீட்டர் கேஜ். திருச்சியில் இறங்கியதும் அகலப்பாதைப் பக்கம் ஒரு வேகன் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அதன்மேல் உருளை வடிவத்தில், இரண்டு பக்கமும் உருண்டையாக மூடிய ஒரு மாபெரும் இரும்புப் பீப்பாய். திருச்சி பெல் ஆலையில் செய்த பாய்லர் டிரம் அது. பிள்ளைகள் சக்கரங்களை எண்ண ஆரம்பித்தார்கள். ஒருவன் 28 என்றான், இன்னொருவன் 32 என்றான். சண்டையே வந்துவிட்டது.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "சார், ஆனைக்கு நாலு கால்தான். எவ்ளோ வெயிட்டு தாங்குது! அதுமாதிரி நாலு தடிச் சக்கரம் போட்டா போதாதா சார்? எதுக்கு இத்தினி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் அப்படித்தான் செய்வாங்க, வரிசைல வா" என்று அதட்டிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தூங்கானை மாடம் இருக்கிற ஊர்ப் பிள்ளை, ஆனையை வைத்துக் கேட்டதில் வியப்பில்லை. (வெளியூர் நண்பர்களுக்காக: நம் பிரளயகாலேஸ்வரர் கோயிலின் விமானம் பின்பக்கம் வளைந்து, படுத்துறங்கும் ஆனையின் முதுகுபோல இருக்கும். அதனால்தான் தேவாரத்தில் தூங்கானை மாடம்.)

அந்தப் பையன் பின்னாளில் ரயில்வேயிலேயே கேங்மேனாகச் சேர்ந்தான். பிற்பாடு டிராக்மேன் என்றார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு திருமணத்தில் பார்த்தபோது, அவன் கேட்ட கேள்விக்கு அவனே எனக்குப் பதில் சொன்னான். அதற்குப் பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன். இன்று எழுதுவது அந்தக் கடனுக்காக.

முதலில் சக்கரம். நாலு சக்கரம் என்றால் இரண்டு அச்சு. ரயிலில் கணக்கு எப்போதும் அச்சுக்குத்தான், சக்கரத்துக்கு அல்ல. நம் அகலப்பாதையில் ஓர் அச்சு தண்டவாளத்தின் மேல் இறக்கலாம் என்று நெடுங்காலம் வைத்திருந்த எடை 20.32 டன். நிலக்கரி ஏற்றிப் போகும் பாக்ஸ்-என் வேகனைப் பாருங்கள். நாலு அச்சு. 4 × 20.32 = 81.28 டன். இதில் வேகனின் சொந்த எடை 22 டன் சொச்சம். மிச்சம்தான் நிலக்கரி. எல்லாம் இந்தக் கணக்குக்குள் கட்டியது. இப்போது பல பாதைகளைப் பலப்படுத்தி 22.9 டன் வரை அனுமதிக்கிறார்கள். ஆனாலும் வரம்பு வரம்புதான்.

இப்போது 150 டன் எடையுள்ள ஒரு பொருள் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுமக்கிற வேகன் மட்டும் ஓட்டாஞ்சில்லா? அது ஒரு 80 டன் இருக்கட்டும். மொத்தம் 230. பையன் சொன்னபடி இரண்டு அச்சு போட்டால் அச்சுக்கு 115 டன், வரம்பைப்போல் ஐந்தரை மடங்கு. சக்கரத்தை எவ்வளவு தடியாகச் செய்தாலும் அது தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஒரு சின்ன நாணயம் அளவுதான். சக்கரம் தாங்கும். தண்டவாளமும், ஸ்லீப்பரும், ஜல்லியும், அதற்கடியில் இருக்கிற நம் களிமண்ணும் தாங்காது. மழை பெய்த மறுநாள் தேர் இழுத்தவர்களுக்கு இது புத்தகத்தில் படிக்காமலே தெரியும். தேர்ச் சக்கரம் உடையாது, தெருவில் இறங்கிவிடும். ஆனைக்கு நாலு காலே போதுமானதற்குக் காரணம், அதன் எடை நாலைந்து டன் என்பதும், பாதம் அகலம் என்பதும்.

ஆக, 230-ஐ 20.32-ஆல் வகுத்தால் பதினொன்றைத் தாண்டும். குறைந்தது 12 அச்சு, 24 சக்கரம். மீட்டர் கேஜில் அச்சுக்கு 12 டன் அளவில்தான் வைத்திருந்தார்கள். அதே பொருளுக்கு அங்கே 20 அச்சு வேண்டும். அந்த நீளத்துக்குப் பொருளே இருக்காது.

சரி, 12 அச்சு போட்டாயிற்று. எடை எல்லா அச்சுக்கும் சமமாகப் போகும் என்று என்ன நிச்சயம்? பள்ளம் மேடு வந்தால் இரண்டு அச்சு மட்டும் முழு எடையையும் வாங்கிக்கொள்ளாதா? இந்த இடத்தில்தான் என் மாணவன் ஒரு உவமை சொன்னான். எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் பார்க்கவில்லை. "சாமி தூக்குறமே சார், அதான்." பெரிய வாகனத்தில் சாமி புறப்படும்போது ஒரே தண்டில் எல்லோரும் தோள் கொடுப்பதில்லை. நீளத் தண்டுக்குக் குறுக்கே தண்டு கட்டி, அதன் முனைகளில் ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை என்றாலும் குறுக்குத் தண்டு சாய்ந்து கொடுத்து எடையைப் பங்கிடும். கனரக வேகனிலும் அதேதான். சுமை ஒரு பெரிய உத்திரத்தின்மேல் உட்காரும். அந்த உத்திரம் ஒவ்வொரு முனையிலும் இரண்டு சிறிய உத்திரங்களின் நடுவில் உட்காரும். அவை ஒவ்வொன்றும் இரண்டு போகிகளின் நடுவில். எல்லா இணைப்பும் திரும்பவும் சாயவும் கூடியவை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, எடை கடைசியில் எல்லாச் சக்கரத்துக்கும் ஏறக்குறைய சமமாக வந்து சேரும்.

அடுத்த சிக்கல் உயரம். சாதாரணத் தட்டை வேகனின் தளமே தண்டவாளத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். அதன்மேல் மூன்றரை மீட்டர் உயரமுள்ள பொருளை வைத்தால் பாலத்தின் மேல்கட்டு இடிக்கும். அதனால் வேகனின் நடுப்பகுதியைக் கீழே தாழ்த்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் போகிகளின்மேல் உயரமாக இருந்து, நடுவில் குழிந்திருக்கும். இதற்கு வெல் வேகன் என்று பெயர். கிணறு என்ற பொருளில்தான். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இந்த வகைக்கு வைத்த தந்திக் குறியீடு 'முதலை'. வயிறு தரையை ஒட்டி இருப்பதால் வைத்திருப்பார்களோ என்னவோ. அணைக்கரை, வக்காரமாரிப் பக்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் ஜான்சியில் உள்ள பெல் ஆலை, டிரான்ஸ்பார்மரோடு அதை ஏற்றிப்போகிற வெல் வேகன்களையும் செய்தது. செய்கிற பொருளை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் செய்து என்ன பயன்?

இன்னும் பெரிய பொருளுக்கு அந்தக் கிணற்றுத் தளம்கூட இடைஞ்சல். தளத்தின் கனம் ஒரு முழம் என்றால் அந்த ஒரு முழமும் வீண். ஜெர்மானியர்கள் தளத்தையே எடுத்துவிட்டார்கள். வேகனை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் பறவையின் மூக்குபோல ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூக்குகளுக்கும் நடுவே சுமையைக் கவ்வ வைத்துவிடுவார்கள். சுமையே வேகனின் உடம்பு. ஜெர்மன் மொழியில் ஷ்னாபெல் என்றால் அலகு, மூக்கு. அதனால் ஷ்னாபெல் வேகன். சுமையை இறக்கிய பிறகு இரண்டு மூக்கையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வெறுமனே திரும்பும்.

அமெரிக்காவில் அணு உலைக் கலன்களைக் கொண்டுபோக 1980 வாக்கில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் இப்படி ஒன்று செய்து கொடுத்தது. 36 அச்சு. சுமார் 790 டன் வரை தாங்கும். வழியில் கம்பமோ சுவரோ இடித்தால், ஹைட்ராலிக் விசையால் சுமையை ஒரு மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்த்தியும் மேலே தூக்கியும் ஒதுங்கிப் போகும். இதைப் படித்தபோது எனக்குத் தெருமுனையில் தேர் திருப்புவதுதான் நினைவுக்கு வந்தது. இங்கே முட்டுக்கட்டை போடுகிறவர் செய்கிற வேலையை அங்கே எண்ணெய் அழுத்தம் செய்கிறது.

வளைவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு வாத்தியாராக இருந்ததற்கே அர்த்தமில்லை. நீளமான வேகன் வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி பாதையோடு வளையாது. நேராகத்தானே இருக்கும்? ஆகவே உள்பக்கம் தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளும்? இரு தாங்குமுனைகளுக்கிடையே உள்ள நீளத்தை வர்க்கப்படுத்தி, வளைவின் ஆரத்தை எட்டால் பெருக்கி வகுக்க வேண்டும். நம் ரயில்வேயில் ஒரு டிகிரி வளைவு என்றால் ஆரம் 1750 மீட்டர். ஐந்து டிகிரி என்றால் 350. நீளம் 20 மீட்டர் என்றால், 400-ஐ 2800-ஆல் வகுக்க, 14 சென்டிமீட்டர். நேர்ப்பாதையில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போகிற சுமை, வளைவில் நாலு விரல்கடையில் போகும்.

அந்தச் சாண் கணக்குதான் ரயில்வேயில் பெரிய விஷயம். அகலப்பாதையில் வண்டி பொதுவாக 3.25 மீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. மீறினால் அது ஓ.டி.சி., அளவு மீறிய சரக்கு. எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதை வைத்து ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. சி வகுப்புதான் நெருக்கம். பகலில் மட்டும்தான் போகும், மெதுவாக. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதி வேண்டும். பாதை, வண்டி, போக்குவரத்து என மூன்று துறையிலிருந்தும் ஆட்கள் கூடவே வருவார்கள். போகிற வழியிலுள்ள ஒவ்வொரு பாலம், கம்பம், பிளாட்பாரம், சிக்னலின் அளவும் முன்கூட்டியே காகிதத்தில் பார்த்தாக வேண்டும்.

என் மாணவன் அப்படி ஒரு வண்டி கூடப் போயிருக்கிறான். எங்கே என்று சொல்ல வேண்டாம் என்றான். ஒரு நிலையத்தில் பிளாட்பாரத்தை ஒட்டி வண்டி ஊர்ந்தபோது, கையில் மூங்கில் குச்சியோடு பக்கத்திலேயே நடந்தானாம். ஏட்டில் இருந்த அளவும் நேரில் இருந்த அளவும் ஒத்துவரவில்லை. பிளாட்பாரத்தைப் பிற்பாடு கொத்தி ஒட்டியதில் விளிம்பு கொஞ்சம் வெளியே வந்திருந்தது. யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை. இவன் கத்தி வண்டியை நிறுத்தினான். "ரெண்டு விரல்கட சார். அவ்ளோதான் இருந்துச்சு" என்றான்.

நம் மாநிலத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. ஆவடியில் வடிவமைத்து ஆவடியிலேயே செய்கிற அர்ஜுன் டாங்கி. எடை 58 டன்னுக்கு மேல். அகலம் 3.86 மீட்டர். ஆவடியிலிருந்து ராஜஸ்தான் பாலைவனத்துக்கு அது தானாக ஓடியா போகும்? ரயிலில்தான் போக வேண்டும். ரயிலின் வரம்போ 3.25. இரண்டு பக்கமும் முப்பது சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. ராணுவத்திடம் அதுவரை இருந்த டி-72 டாங்கி 41 டன் சொச்சம்தான். அந்த எடைக்குச் செய்த வேகன்கள் அர்ஜுனுக்கு உதவவில்லை. அர்ஜுனுக்கென்றே பி.எஃப்.ஏ.டி. என்று தனி வேகன் செய்ய வேண்டியதாயிற்று.

பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. பாதையின் நடுக்கோட்டிலிருந்து பிளாட்பார விளிம்பு சுமார் 1.67 மீட்டர். டாங்கியின் பாதி அகலம் 1.93. உயரமான பிளாட்பாரம் என்றாலும் 84 சென்டிமீட்டர்தான். வேகன் தளம் அதற்கு மேலே இருந்தால் டாங்கியின் ஓரம் பிளாட்பாரத்துக்கு மேலேயே ஒரு அடி அளவுக்கு நீட்டிக்கொண்டு போகும். ராணுவ வண்டி வரும்போது ரயில்வே போலீஸ்காரர் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்லி விசில் ஊதினால், அவர் அதிகாரம் பண்ணுகிறார் என்று நினைக்காதீர்கள்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டைகர் டாங்கிக்குப் போர்க்களத்துக்கு ஒரு சங்கிலி, ரயில் பயணத்துக்குக் குறுகிய வேறொரு சங்கிலி என்று இரண்டு ஜோடி வைத்திருந்தார்கள். ரயிலில் ஏற்றும் முன் அகலச் சங்கிலியைக் கழற்றிக் குறுகியதை மாட்ட வேண்டும். இறக்கிய பின் மறுபடி மாற்ற வேண்டும். குண்டு விழுகிற இடத்தில் செருப்பு மாற்றுகிற கதை.

இப்போது நம் பக்கத்து வரலாறு. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைனை தென்னிந்திய ரயில்வே 1920களின் பிற்பகுதியில் போட்டது. அதற்கு முன் கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர் என்று சுற்றித்தான் திருச்சி. புதிய பாதை குறுக்கு வழி என்றாலும் மீட்டர் கேஜ். திருச்சிக்கு அகலப்பாதை வந்தது ஈரோட்டுப் பக்கமிருந்து மட்டும். 1965-ல் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு திருச்சியில் பெல் பாய்லர் ஆலை வந்தபோதும் நிலைமை அதுதான். வடநாட்டு மின் நிலையங்களுக்கு ரயிலில் போக வேண்டிய கனமான சரக்குக்கு ஈரோடுதான் வாசல். சென்னை நமக்கு வடக்கே நேராக இருக்க, மேற்கே போய்ச் சுற்ற வேண்டும். நம் பாதை அகலமானது தொண்ணூறுகளின் கடைசியை ஒட்டித்தான். அன்று அந்த டிரம்மைப் பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மாதிரி ஒன்று பெண்ணாடம் வழியாகப் போயிருக்கவே முடியாது.

நெய்வேலியும் அப்படித்தான். 1956-ல் நிறுவனம், 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. கடலூர்–விருத்தாசலம் பாதை அன்று மீட்டர் கேஜ். நிலக்கரி வெட்டும் ராட்சத எந்திரங்கள் துண்டு துண்டாக வந்து நெய்வேலியில் வைத்துத்தான் கோக்கப்பட்டன. துண்டாக வரக்கூடியது வந்துவிடும். பாய்லர் டிரம்மும் டிரான்ஸ்பார்மர் உடம்பும் அப்படியில்லை. வெட்டினால் அது டிரம் இல்லை.

வெட்டவும் முடியாது, ஏற்றவும் முடியாது என்றால்? கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலைக்கான பிரதானக் கலன் சுமார் 13 மீட்டர் விட்டம். எந்தச் சாலையிலும் எந்தத் தண்டவாளத்திலும் அது போகாது. கடற்கரையிலேயே கொட்டகை போட்டு அங்கேயே கோத்தார்கள். கூடங்குளத்து உலைக் கலன்கள் ரஷ்யாவிலிருந்து கடல் வழியாக வந்தன. இரண்டும் கடலோரத்தில் இருப்பதற்குக் குளிர்விக்கும் தண்ணீர்தான் முதல் காரணம். ஆனால் கடல்மேல் அச்சு எடைக் கணக்கு இல்லை என்பதும் சின்ன சௌகரியம் இல்லை.

பாலத்தைப் பற்றிப் பேசாமல் நம் பாதையைப் பற்றிப் பேச முடியாது. 1956 நவம்பர் 23 விடியுமுன், அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்காகத்தான். அது வெள்ளம் அரித்ததால் நடந்தது, சுமையால் அல்ல. இரண்டையும் கலந்து பேசக்கூடாது. ஆனால் எனக்கு அப்போது ஐந்து வயது. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போதெல்லாம் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். பாலம் தாண்டிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கனரக வேகனுக்கு அச்சு எடை சரியாக இருந்தாலும் போதாது, ஒரு பாலக் கண்ணின் மேல் ஒரே சமயத்தில் எத்தனை அச்சு நிற்கும் என்று தனியாகப் பார்ப்பார்கள் என்று படித்தபோது அப்பாவின் அந்த மௌனம் நினைவுக்கு வந்தது. அதனால்தான் அந்த வேகனை இஞ்சினோடு ஒட்டிச் சேர்க்காமல் நடுவே வெற்று வேகன்களைக் கோப்பதும் உண்டு.

இனி டீக்கடைப் பெரியவருக்குப் பதில். அந்த டிரான்ஸ்பார்மர் ஏன் ரயிலில் போகவில்லை? அகலம் மீறினால் அனுமதிக்கே காலம் பிடிக்கும். அந்த மாதிரி வேகன்கள் நாட்டில் கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான். ஒன்று கிடைத்தாலும், அது நிற்கிற இடத்திலிருந்து காலியாக வந்து, காலியாகத் திரும்ப வேண்டும். மின் நிலையத்து வாசல் வரை தண்டவாளம் இருக்காது, கடைசியில் எப்படியும் லாரிதான். இப்போது பாதையெல்லாம் மின்மயம். தலைக்கு மேல் ஐந்தரை மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட் கம்பி. மறுபக்கம், ரோட்டில் போகிற ஹைட்ராலிக் டிரெய்லருக்கு வேண்டிய அளவு அச்சுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அகலத்துக்கு அவ்வளவு கெடுபிடியும் இல்லை.

ஆனால் ரோடு சும்மா விட்டுவிடுவதும் இல்லை. 2018 டிசம்பரில் வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்ட கோதண்டராமர் சிலைக் கல்லை மறந்திருக்க மாட்டீர்கள். 300 டன்னுக்கு மேல், 240 டயர் லாரி. போகிற வழியில் கடைகளும் வீடுகளும் இடிபட்டு, டயர்கள் வெடித்து, ஆற்றுக்குத் தற்காலிகப் பாதை போட்டு, போய்ச்சேர ஏறக்குறைய அரை வருஷம் ஆயிற்று. ரயில்வேயின் சி வகுப்புச் சட்டம் கெடுபிடியாகத் தெரியலாம். அந்தக் கெடுபிடி ரோட்டில் இல்லாததால் அதன் விலையை வழியில் வீடு வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அப்பர் பெருமான் தம் தோளில் சூலமும் இடபமும் பொறிக்க வேண்டிப் பெற்றது நம் கோயிலில்தான். வேகனுக்கும் தோளில் பொறி உண்டு. சொந்த எடை எவ்வளவு, எவ்வளவு ஏற்றலாம், அடுத்த பராமரிப்பு எப்போது என்று பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். அடுத்த முறை கேட்டில் நிற்கும்போது பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏற்றும் எடையையும் சொந்த எடையையும் கூட்டி, அச்சை எண்ணி வகுக்கச் சொல்லுங்கள்.

திருமண வீட்டில் அவனிடம் கடைசியாகக் கேட்டேன்: "அவ்வளவு பெரிய சுமை போகும்போது நீ எதைப்பா பார்ப்பே?" சுமையைப் பார்ப்பான் என்று நினைத்தேன். "சுமைய எல்லாரும் பாப்பாங்க சார். வண்டி போன பொறவு நான் ஜல்லியத்தான் பாப்பேன். எங்க அமுங்கியிருக்குன்னு பாத்து, அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுட்டு வருவேன்" என்றான்.